போர்வைகளுக்கு நடுவே போன்

அன்று மதியம் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவள் தம்பி. அவள் பித்தப்பையில் இருந்த கல்லையும் சேர்த்தால் நால்வர். கூட்டம் கூடியதே அந்த நாலாவது ஆளுக்காகத்தான்.

பார்சல் கிடங்கில் எனக்கு இரவு வேலை. போன மாதம் கிடங்கை மூடினார்கள். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போனது. மனைவிக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் சில வருடங்கள் காசு தரமாட்டார்கள். கல் அவ்வளவு பொறுமைசாலி இல்லை.

கம்பெனிப் பாலிசியைச் சொந்தப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு என்று கண்டுபிடித்தவன் மச்சான்தான். காப்பீட்டு ஏஜெண்ட். விண்ணப்பமும் போட்டுத் தந்தான். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து போன் செய்து விவரம் கேட்பார்கள், எடுத்துப் பேசினால் போதும் என்றான்.

எங்கள் வீட்டில் பகல்தான் ராத்திரி. காலையில் நான் படுத்ததும் மனைவி என் போனை அணைத்து, போர்வைகளுக்கு நடுவே செருகி, பீரோவைச் சாத்திவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தான். வேலை போன பிறகும் எனக்கு விடிந்தால்தான் தூக்கம் வந்தது. அவளும் பழக்கத்தில் போனை உள்ளே வைத்துக்கொண்டே இருந்தாள்.

பல முறை அழைத்தும் கிடைக்காததால் இன்று மாலையோடு விண்ணப்பத்தை மூடப்போகிறார்களாம். மச்சான் அதைச் சொல்லத்தான் ஓடி வந்திருந்தான்.

"நீங்க என்ன மாமா, ஆந்தையா?"

"அவரை எதுக்குடா சொல்ற? வெச்சது நான்" என்றாள் மனைவி, வயிற்றைப் பிடித்தபடி.

கல்லைப் பற்றிச் சொல்லாமல் வேறு கம்பெனியில் எடுத்துப் பார்க்கலாமா என்று அவன் இழுத்தான்.

"ஸ்கேன்ல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. அதை எங்கடா ஒளிக்கிறது?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "சட்டையை மாட்டுங்க. நேர்ல போங்க."

வெயிலில் கண் கூசியது. பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி, திரும்பி ஓடினேன். காப்பீட்டுக் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். நான் மூச்சு வாங்கியதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள்.

பகலில் ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்டாள். நைட் ஷிப்ட், அப்போது தூங்குவேன் என்றேன்.

"வேலைதான் போயிடுச்சே?"

"தூக்கத்துக்கு இன்னும் யாரும் சொல்லலைங்க."

அவள் சிரிக்கவில்லை. மனைவிக்கு நோய் ஏதாவது உண்டா என்றாள். மச்சான் இழுத்தது ஞாபகம் வந்தது. இருந்தும் கல்லைச் சொன்னேன், ஆபரேஷன் தேதியையும் சொன்னேன்.

தட்டச்சு செய்துகொண்டே, பழைய பாலிசியே சொந்தப் பாலிசியாக விட்டுப்போகாமல் தொடர்வதால் காத்திருக்கத் தேவையில்லை என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"அப்ப அடுத்த வாரம் பண்ணிக்கலாமா?"

"பண்ணிக்குங்க. பின்ன எதுக்குங்க பாலிசி?"

அவள் அச்செடுத்துத் தந்த ஒப்புதல் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். காவலாளி எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.