காலையில் தொட்டுப் பார்க்கவும்

தையல்காரர் என்றால் அவர் வாயில் "நாளைக்கு வாங்க" என்ற சொல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரைத் தையல்காரர் என்றே யாரும் நம்ப மாட்டார்கள். நம் தையல்காரரும் ரொம்ப வருஷம் அந்தச் சொல்லை வைத்துத்தான் காலம் தள்ளினார். "எல்லாம் முடிஞ்சுது, காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்குக் காலையில வாங்க" என்பார் வாய் கூசாமல். துணியோ கொண்டுவந்த பையை விட்டு இன்னும் வெளியே வந்திருக்காது.

ஒரு வருஷமாக அந்தப் பேச்சு நின்றுபோயிருந்தது. காலையில் கொடுத்த சட்டையைச் சாயங்காலமே மடித்துக் கையில் கொடுத்தார். புதிதாக வந்த ஒருவர், இது வேறு யாருடைய சட்டையோ என்று திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். தெருக்காரர்கள் யாரும் இதைக் கேலி செய்யவில்லை. காரணம் அவர்களுக்குத் தெரியும்.

போன வருஷம், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரைக்கு அடங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. ஒரு ராத்திரி, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்ற பேச்சு வந்தபோது, "காலையில பாத்துக்கலாம்" என்றார் தையல்காரர். கடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். காலையில் அவளை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மனைவி அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. சண்டை போடலாம், அழலாம், காலில் விழலாம். அவளோ "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "தண்ணி வந்துடுச்சு" என்ற அளவோடு நிறுத்திக்கொண்டாள். மீதிப் பேச்சையெல்லாம் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய், ஒரு கோழியிடம் பேசினாள்.

கொல்லையில் மூன்று கோழிகள் இருந்தன. இரண்டு சாதாரணக் கோழிகள், பெயர் கிடையாது. மூன்றாவதன் பெயர் மேடம். மகள் ஒரு நாள் கைக்குட்டையில் பொத்திக்கொண்டு வந்த குஞ்சு அது. தையல் மிஷினுக்குக் கீழே செருப்பு டப்பாவில் வளர்ந்தது. இரண்டடி நடக்கும், நிற்கும், தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும். பரீட்சை மண்டபத்தில் யாரோ பிட் அடிப்பதைக் கண்டுபிடித்துவிட்ட பார்வை. "மேடம் வராங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்பாள் மகள். தையல்காரருக்குக் கோழிகளோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெட்டி வைத்த துணியில் எச்சம் போடும் ஜாதி என்பதுதான் அவர் அபிப்பிராயம். ஆனால் மகள் போன பிறகு, சாயங்காலத்தில் மனைவி மேடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ தாழ்ந்த குரலில் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்கும்போது, மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் குரலை அவர் கேட்பது அப்போதுதான்.

மனைவியின் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ள அவள் கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து கோழிக்கூண்டைப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். இதையாவது பாத்துக்கங்க" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாளோ என்னவோ. அந்த 'இதையாவது' தையல்காரரின் நெஞ்சில் போய்க் குத்தி அங்கேயே நின்றுவிட்டது. இந்தக் கோழியையும் விட்டுவிட்டால் அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதில் அர்த்தமே இல்லை என்று அவருக்குப் பட்டது.

அதனால் கடமையில் குறை வைக்கவில்லை. கூண்டைத் தினமும் கூட்டினார், தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவினார். கோழிகளுக்கு நோய் வந்தால் அவை மறைக்கும், முழுசாக விழும்போதுதான் நமக்குத் தெரியும் என்று போனில் ஏதோ ஒரு வீடியோவில் ஒருவர் சொல்லக் கேட்டார். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. மேடம் கண்ணை மூடினாலும் பயம், திறந்தாலும் பயம். குனிந்து எச்சத்தைப் பார்த்தார். மூக்கில் நீர் வடிகிறதா என்று டார்ச் அடித்தார். மூச்சு கரகரக்கிறதா என்று அதன் முதுகில் காதை வைத்தார். மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு நிஜமாகவே ஏதோ ஆனது. சிவந்திருந்த கொண்டை வெளுத்துச் சுருங்கியது. முட்டை நின்றது. மற்ற இரண்டும் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்க, மேடம் மட்டும் மூலையில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். காலையில் கூண்டைத் திறந்தால் பூனை புகுந்து பிய்த்துப்போட்டது போல இறகுகள் கிடந்தன. தூக்கினால் வலிப்பதுபோல் திமிறினாள். கழுத்தை விலக்கிப் பார்த்தார். தோலில் முள் முள்ளாக ஏதோ கிளம்பியிருந்தது.

தனியாக ஒரு பெட்டியில் பழந்துணி விரித்து வைத்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் வைத்தார். அவளுக்காகவே சோளத்தை உடைத்துப் போட்டார், கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்டார். மேடம் அதைத் தின்னவும் செய்தாள். அன்று சாயங்காலம், பொழுது சாயும் நேரத்தில் தடவிக்கொடுத்தபோது, கழுத்துக்குக் கீழே நெஞ்சின் ஒரு பக்கமாக, கெட்டியாக ஒரு உருண்டை கையில் பட்டது. எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. அழுத்தினால் நெறநெறத்தது.

கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு வண்டியில் ஏறப்போன நேரம். ஆனாலும் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தீனி எடுக்குதா?"

"எடுக்குது. ஆனா முகத்துல களையே இல்லைங்க."

"எச்சம்?"

"கெட்டியா, மேல வெள்ளையா இருக்கு."

"நல்லதுதானே. ரெக்கை உதிருதா?"

"கொட்டோ கொட்டுன்னு கொட்டுது."

"அப்போ ரெக்கை மாத்துற சமயமா இருக்கும். கொண்டை வெளுக்கறது, முட்டை நிக்கறது எல்லாம் அதுலயே வரும். நீங்க சொல்ற உருண்டை தீனிப்பை. தின்னதையெல்லாம் முதல்ல அங்கதான் சேத்து வைக்கும். சாயங்காலம் எல்லாக் கோழிக்கும் ரொம்பித்தான் இருக்கும், ராத்திரி செரிச்சுடும். காலையில தீனி போடறதுக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க. அப்பவும் கல்லு மாதிரி இருந்தா தூக்கிட்டு வாங்க."

இவ்வளவும் சொன்னார் அந்த அம்மா. இதில் தையல்காரர் காதில் விழுந்தது 'காலையில' என்ற ஒரு சொல்தான். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. "டாக்டரம்மா, காலை வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டார். "தாராளமா தாங்கும்" என்று சிரித்துவிட்டு டாக்டரம்மா போனை வைத்தார்.

அந்தச் சிரிப்பு தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. நானும் அன்றைக்கு இப்படித்தானே அசட்டையாக இருந்தேன் என்று நினைத்தார். பெட்டிக்குள் மேடம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தாள். இருட்டினால் எந்தக் கோழியும் அப்படித்தான் உட்காரும். அதைச் சொல்ல அப்போது வீட்டில் யாரும் இல்லை.

போனில் இன்னொரு வீடியோ கிடைத்தது. சமையலறை மேஜையில் ஒரு பெண் கோழியின் தீனிப்பையைக் கீறுகிறாள். உள்ளே அடைத்துக்கொண்டிருந்த புல் பந்து ஒன்றை இழுத்து எடுக்கிறாள், தைத்து மூடுகிறாள், கோழி எழுந்து நடக்கிறது. தையல்காரர் அந்தத் தையலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். கோணிப்பைக்குக்கூட இதைவிட ஒழுங்காகத் தைப்பார்கள். அந்த அம்மாளால் முடிந்தது தன்னால் முடியாதா என்று தோன்றியது. அங்கேதான் மனுஷன் கெட்டார். ஊசி மட்டும் அவருக்கு அந்நியமாக இருந்திருந்தால், வேறு வழியில்லாமல் விடியும் வரை உட்கார்ந்திருப்பார்.

பிளேடையும் ஊசியையும் கொதிக்க வைத்தார். பட்டு நூலைக் கோத்தார். மேடத்தைத் துண்டில் சுற்றி, தலையை மூடி, மிஷின் விளக்கின் கீழே படுக்க வைத்தார். தோல் மரத்துப்போக ஐஸ் கட்டியை வைத்தார். தலையை மூடியதும் அவள் அசையாமல் கிடந்தாள். ஒத்துழைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, இதோ ஆச்சு" என்றார். மகளை 'அம்மா' போட்டுத்தான் கூப்பிடுவார். அந்தச் சொல் இங்கே எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

கீறினார்.

உள்ளே புல் பந்து இல்லை. அழுகிய நாற்றம் இல்லை. உடைத்த சோளம் இருந்தது. மதியம் நறுக்கிப் போட்ட கீரை பச்சை மாறாமல் இருந்தது. இரண்டு சிறு கல். விரலை விட்டுத் துழாவினார், இன்னும் ஆழத்தில் இருக்கும் என்று துழாவினார். அவ்வளவுதான் இருந்தது. அது அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு.

தையல்காரருக்கு அப்போதுதான் டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாகக் காதில் கேட்டது.

ஊசியை எடுத்துத் தைத்தார். பையைத் தனியாக, தோலைத் தனியாக, வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக அவர் எதையும் தைத்ததில்லை. கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கத்தரித்துவிட்டுத் துண்டை விலக்கினார். மேடத்தின் கழுத்து மேஜை விளிம்பில் தொங்கியது. எப்போது போனாள் என்றே தெரியவில்லை. அவர் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. சாயங்காலம் மற்ற இரண்டு கோழிகளையும் பிடித்து நெஞ்சுப் பக்கம் தொட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் அதே எலுமிச்சம்பழம். அதே நெறநெறப்பு.

மனைவி திரும்பி வந்த அன்று, பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. கொண்டை, இறகு, முள், உருண்டை, பிளேடு, கீரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"அந்த முள்ளு புது ரெக்கைங்க. அது வலிக்கும், தொட விடாது" என்றாள். "போன வருஷமும் இப்படித்தான் மொத்தமா உதிர்த்துச்சு. நீங்க பாக்கல. அப்போ நாம எதைப் பாத்தோம்."

"இல்ல, பாக்கல."

"காலையில தொட்டுப் பாத்திருக்கலாமே."

இதற்குத்தான் தையல்காரர் பயந்துகொண்டிருந்தார். "இன்னொரு தடவை காலைக்குன்னு உக்காந்திருக்க என்னால முடியல" என்றார். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள் என்றுகூட நினைத்தார்.

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பையை ஓரமாக வைத்துவிட்டு, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"அன்னைக்கு ராத்திரி நீங்க என்கிட்ட கேட்டீங்க, காய்ச்சல் எப்படி இருக்குன்னு. நான் அவ நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, கொறைஞ்சிருக்குன்னு சொன்னேன். அப்புறம்தான் நீங்க காலையில பாத்துக்கலாம்னீங்க." தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "கொறையலைங்க. மூணு ராத்திரி கண்ணு மூடல நான். கொஞ்ச நேரம் படுத்தாப் போதும்னு இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன். நீங்க உங்களாலதான்னு உருகிக்கிட்டிருந்தீங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். என்னாலதான்னு சொல்ல எனக்கு வாய் வரல. கோழிகிட்டதான் சொன்னேன், தினமும்."

தையல்காரரும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளைக் கோபிக்க அவரிடம் கோபமே இல்லை. ஒரு வருஷமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாளே என்றுதான் இருந்தது. அவளைத் தனியாக விடக் கூடாது என்று தோன்றியது. அதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு வழி. அதையும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நீ கைய எடுத்ததுக்கப்புறம் நானும் தொட்டுப் பாத்தேன்" என்றார்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கல்யாணத் துணி குவிஞ்சு கெடந்துச்சு. நீ கொறைஞ்சிருக்குன்னு சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு."

"சூடு இருந்துச்சா?"

"கொதிச்சுது" என்றார் தையல்காரர்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் போன பிறகு இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான்.