கப்பல் சிவப்பு

1

செவ்வாய்க்கிழமை, கடல் நீர் இறங்கி அரைமணி நேரம் ஆனபோது அண்ணி போன் செய்தாள். இந்தக் கதை அந்த அழைப்பிலிருந்து வந்தது. கற்பனை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"கதை எழுதுறேன், கதை எழுதுறேன்னு சொல்றியே தம்பி. வந்து இதைப் பாரு. பாத்துட்டு எழுது. நிலா, அலைன்னு ஆரம்பிச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

2

முதல் தொடக்கம்: கடல் அன்று அமைதியாக

(அடித்துவிட்டேன். நான் கடலைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தேன்.)

இரண்டாவது: எங்கிருந்தோ படையெடுத்து வந்த ஒரு

(இதையும். வெளிநாட்டுச் சிப்பி படையெடுக்காது. கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கப்பலை யாரோ ஓட்டினார்கள். 'ஆக்கிரமிப்பு உயிரினம்' என்று அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழியைச் சிப்பியின் மேல் போட்டால் அது மறுத்துப் பேசாது.)

மூன்றாவது, இது நிற்கட்டும்: கல்யாணமாகி வந்த நாள் முதல் அண்ணி, நீர் இறங்கினால் வெளியே தெரியும் சேற்றுத் திட்டில் மட்டி எடுக்கிறாள். காலால் தேடுவாள். பெருவிரல் சேற்றுக்குள் போய், வழவழப்பான ஒரு மேட்டில் நிற்கும். குனிந்து எடுப்பாள். குஞ்சாக இருந்தால் அங்கேயே சேற்றுக்குள் திரும்ப அமுக்கிவிடுவாள். அங்கே எல்லோரும் அப்படித்தான். வேண்டாததைக் கடலிடமே விட்டுவிடுவார்கள்.

அன்று அவள் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். வெறுங்கால் வைத்தால் கிழிக்கிறது.

3

திட்டு கறுப்பாக இருந்தது. நகத்தளவு கறுப்புச் சிப்பிகள், ஒன்றோடொன்று நாரால் பின்னி, பாய் விரித்ததுபோல. அண்ணி மண்வெட்டியால் ஓர் ஓரத்தைத் தூக்கினாள். தோல் உரிவதுபோல் வந்தது. கீழே மட்டிகள், எல்லாம் வாய் பிளந்து. மூச்சுக்குழலை மேலே நீட்ட வழியில்லாமல் செத்தவை. நண்டு வளை ஒன்றுகூட இல்லை. ஒரு பறவை இறங்கி, இரண்டு கொத்து கொத்திவிட்டு, எழும்பிப் போனது.

(நாற்றத்தை வர்ணித்து மூன்று வாக்கியம் எழுதி எடுத்துவிட்டேன். நாறியது. போதும்.)

"வடக்கு மூலையில ஒரு துண்டு மிச்சம் இருக்கு," என்றாள். "அதுல குஞ்சு இருக்கு. அதுவும் போச்சுன்னா இனி எடுக்க ஒண்ணும் இல்ல."

4

இனி அண்ணன். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். வில்லனாக்கினால் கதை சுலபமாகிவிடும். [அவன் ஏளனமாகச் சிரித்தபடி] என்று எழுதியும் பார்த்தேன். அண்ணன் அப்படிச் சிரிக்க மாட்டான்.

துறைமுகத்தில் மூழ்கி, கப்பல்களின் அடிவயிற்றைச் சுரண்டுவது அவன் வேலை. ஒட்டியிருப்பதெல்லாம், அடிப் பெயிண்டும் சேர்ந்து, உதிர்ந்து தண்ணீரில் போகும். அதைப் பிடிக்க ஓர் உறிஞ்சு பை இருக்கிறது. வேலை மெதுவாகிறது என்று காண்ட்ராக்டர் அதைக் கொட்டகையில் மாட்டிவைத்திருக்கிறார். சோதனைக்கு ஆள் வரும் நாளில் இறக்குவார்கள். போட்டோ எடுத்ததும் திரும்ப மாட்டுவார்கள். போய்ப் பார்த்தேன். கடை அட்டையைக்கூடப் பிய்க்கவில்லை.

(காண்ட்ராக்டரை இந்தக் கதைக்குள் வரவிட மாட்டேன். வந்தால் அவரையும் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். எனக்கு விருப்பமில்லை.)

5

அன்று இரவுச் சாப்பாடு. மறுநாள் காலை பெரிய கப்பல் ஒன்று.

"பை இல்லாம இறங்காதீங்க," என்றாள் அண்ணி.

"நான் இறங்கலேன்னா கப்பல் அப்படியே நிக்குமா? இன்னொருத்தன் இறங்குவான்."

"அவன் பொண்டாட்டி அவனைக் கேக்கட்டும். நான் உங்களைக் கேக்கறேன்."

"எல்லாம் என் தலையிலயா? போன மாசம் நீங்க எல்லாரும் கூடித் திட்டுல சிப்பியைச் சுரண்டினீங்களே, அதை எங்க கொட்டினீங்க?"

திட்டுக்குப் பக்கத்து வாய்க்காலில் கொட்டினார்கள். மட்டிக் குஞ்சை அமுக்கும் அதே கைப்பழக்கம். கிளறினால் சிப்பி தன் முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. நீர் ஏறியபோது எல்லாம் திட்டுக்கே திரும்பி வந்தது.

"தெரியாம செஞ்சோம்," என்றாள். "தெரிஞ்ச பிறகு செய்யல."

"துறைமுகத்துல விழுறது துறைமுகத்துலதான் கெடக்கும். அது எங்க, உன் திட்டு எங்க! டேய், நீயே சொல்லு."

எழுதத் தெரிந்தவன் நான். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

6

முடிவு ஒன்று: அண்ணன் வேலையை விடுகிறான். மட்டி திரும்புகிறது. (பொய்.)

முடிவு இரண்டு: அந்தச் சிப்பியைத் தின்னும் மீனை எங்கிருந்தோ கொண்டுவந்து விடுகிறார்கள். (பிறகு அந்த மீனைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டிவரும்.)

முடிவு மூன்று: வடக்கு மூலையும் கறுக்கிறது. நடக்கக்கூடியது இதுதான். எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். உங்கள் பெருமூச்சு எனக்கு வேண்டாம்.

ஆகவே நடந்ததோடு நிறுத்துகிறேன். அண்ணி எழுந்து போய் ஒரு சிப்பிக் கொத்தை எடுத்துவந்து அண்ணனின் தட்டோரம் வைத்தாள். வடக்கு மூலையில் அன்று காலை கிடைத்தது. அதன் நார் இன்னும் எதையோ விடாமல் பிடித்திருந்தது. ஒரு பெயிண்ட் சில்லு. துருவும் இல்லாத, செங்கலும் இல்லாத ஒரு சிவப்பு.

அண்ணன் தன் நகக்கண்களைப் பார்த்தான். எவ்வளவு தேய்த்தாலும் போகாத அதே சிவப்பு. கையை மடியில் வைத்துக்கொண்டான்.

மீதி உங்களுடையது. காலை வரை நேரம் இருக்கிறது. அவனுக்கும் அவ்வளவு நேரம்தான்.

"துறைமுகத்துலதான் கெடக்கும்னீங்களே," என்றாள் அண்ணி. "இது எந்தக் கப்பலோட சிவப்புங்க?"