வெளியே பூட்டு, உள்ளே ஆள்

1

என் தப்பிலிருந்து பிறந்த கதை இது. பிழைப்புக்காக வேற்றூரிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பைப் பற்றி அரசுக்கு ஓர் ஆய்வறிக்கை கொடுத்தேன். அதில் ஒரு வரி: 'நூறு வீடுகளில் நாற்பது பூட்டிக் கிடக்கின்றன, ஆள் இல்லை.' அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, அங்கிருக்கும் சுகாதார நிலையத்தை மூடிவிடலாம் என்று தீர்மானம் தயாராகிவிட்டது. நாளை மாலை குழு கூடுகிறது. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

2

தொடக்கம்: 'வெயில் ஏறிய தெருவில் ஒரு...' வேண்டாம். வெயிலை எத்தனை கதைக்குத்தான் இழுப்பது?

இன்னொன்று: 'ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி என் அறிக்கையைக் கையில் ஏந்தி...' (கர்ப்பிணி என்பது நிஜம், அறிக்கை பொய். நிலையத்தின் வாசலில் ஒட்டிய நோட்டீசைத்தான் அவள் பார்த்தாள்.)

நடந்ததையே சொல்கிறேன். மாத்திரைக் கம்பெனியில் அட்டை அடுக்குகிறவள். நேராக என் அலுவலகத்துக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்தீங்களா சார்?"

பட்டியலைப் புரட்டினேன். போயிருக்கிறோம், காலை பதினொரு மணிக்கு. பூட்டு.

"பூட்டிதான் இருக்கும். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நாலு பேரு உள்ள தூங்குவோம். காலைல வேலைக்குப் போறவங்க வெளிய பூட்டி, சாவிய ஜன்னல் வழியா போட்டுட்டுப் போவாங்க. பூட்டப் பாத்தா யாரும் தட்ட மாட்டாங்கல்ல."

எழுந்ததும் ஜன்னலில் சாவியை நீட்டினால், போகிறவர் வருகிறவர் யாராவது திறந்துவிடுவார்களாம். நாங்களும் தட்டவில்லையே. நிலையத்தை மூடினால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், தூக்கமும் போய் ஷிப்டும் போகும் என்றாள்.

மறுநாள் மாலை நாற்பது கதவுகளையும் தட்டினேன். ஆள் இல்லாத வீடுகளில் நூற்று முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.

3

அந்தத் தீர்மானத்தைத் தயாரித்த துணைச் செயலாளரை முதல் பிரதியில் வில்லனாக்கி, முறுக்கு மீசையும் வைத்திருந்தேன். மழித்துவிட்டேன். பாவம், அவர் என் வரியை அப்படியே நம்பியவர். போனில் விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்.

"இத மாத்துனா மத்த அறுபதையும் எப்படி நம்புறதுன்னு கேப்பாங்க. அதே அறிக்கையில குடிதண்ணி வேணும்னு நீங்க எழுதுனதும் சேந்து போயிடும். பரவால்லயா?"

பரவாயில்லை என்றேன். தன் தப்பைத் தானே சொல்லும் ஆய்வைத்தான் நான் நம்புவேன். அவர்களையும் நம்ப வைத்துவிடலாம் என்ற தைரியம் இருக்கிறது.

4

முடிவு அ: நிலையம் பிழைக்கிறது, எனக்குக் கைதட்டல்... அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அறிக்கை குப்பைக்கூடைக்கு, அவள் இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்து... எழுதக் கை வரவில்லை.

ஆகவே நாளைய குழுவில் ஒரு நாற்காலி உங்களுக்கு. மேசையில் இரண்டு கணக்குகள், இரண்டும் நான் கொடுத்தவை. எதை நம்புவது என்று குழப்பமாக இருந்தால், கை தூக்கும் முன் நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்கள். பூட்டு தொங்கும். தட்டுங்கள்.

ஆனால் மூன்று மணிக்கு மேல் போங்கள். அதுவரை அவள் தூங்கட்டும்.