சத்தம் போடுகிற போர்டு

என் சம்சாரம் மஞ்சுளா போன பிறகு எங்கள் வீட்டில் சத்தம் போட மிஞ்சியது அவளுடைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதில்தான் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வாள். உள்ளே இருக்கிற ஃபேன், பாறையில் இறங்கிய போர்வெல் ரிக் மாதிரி அலறும். நானோ ரிக் லாரியிலேயே குப்பை கொட்டியவன். ஹாலில் இருந்தே கேட்பேன்:

"என்ன அம்மிணி, தண்ணி வந்துருச்சா?"

"வெறும் புகைதான் வருது. நீங்க போயி சோத்த வடிங்க."

எழவுக்கு வந்த சனம், "கல்லாட்டம் உக்காந்திருக்கறான் பாரு" என்றது. கல்லென்றாலும் போர் போட்டால் தூசியாவது வரும். எனக்கு எதுவும் வரவில்லை. தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரை மட்டும் போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்துகொள்வேன். பக்கத்து அறையில் யாரோ வேலை செய்கிற மாதிரி இருக்கும். அது போதும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பட்டறையில் எல்லா வண்டியையும் கழுவினோம். அவள் இருந்தால் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்பாளே என்று அதையும் தூக்கிப் போனேன். புத்திசாலி மாதிரி ஃபேனைக் கழற்றித் துணியில் பத்திரமாகச் சுற்றிவைத்தேன். பிறகு, அறுநூறு அடி ஆழத்துப் பாறைத்தூளை மேலே தள்ளுகிற கம்ப்ரசர் காற்றை மதர்போர்டின் மேல் திறந்துவிட்டேன். தூசி போனது. போர்டில் நட்டுவைத்திருந்த சின்னச் சின்ன உருளைகளும் போயின. டிரைவர் சின்னண்ணன் அவற்றைப் பொறுக்கிக் கையில் கொடுத்து, "நல்லா சுத்தமாயிருச்சுங்ண்ணா" என்றான்.

திருச்செங்கோட்டில் சேலம் பஸ் ஏறி, கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். மல்லசமுத்திரத்தில் ஏறிய ஒரு அம்மா, "கோழிக் கூண்டுங்ளா?" என்றார். "ஆமாங்க" என்றேன். விளக்கத் தெம்பில்லை.

சேலத்தில் கம்ப்யூட்டர் கடைக்காரர் சிவபிரகாஷ் சோதித்துவிட்டுச் சொன்னார்: "பிராசசர் உசுரோட இருக்குதுங்ண்ணா. ஆனா நாலாவது ஜெனரேஷன். இப்ப வர்ற கம்பெனி போர்டு எதுலயும் உக்காராது. எல்லாத்தையும் புதுசா மாத்திருங்க. சத்தமே வராது."

"சத்தம் வேணுங்க."

சிவபிரகாஷ் ரெண்டு போர்டை எடுத்து வைத்தார்.

"இது ரிப்பேர் பண்ணுன பழைய போர்டு. ஃபேன் வேகத்தை அதுவே பாத்துக்கும். இது புதுசு, சைனா போர்டு. இதுக்கு ஃபேனை அடக்கத் தெரியாது. எந்நேரமும் முழு வேகந்தான்."

"ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க."

பழைய போர்டில் எங்கள் ஃபேன் காய்ச்சல்காரன் மாதிரி முனகியது. சைனா போர்டில் மாட்டினார். அலறியது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது வேண்டாங்ண்ணா," சிவபிரகாஷ் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார். "ஊட்ல அக்கா திட்டுவாங்க!"

"திட்டமாட்டாங்க. இதையே மாட்டுங்க."

ஊரில் நல்லது எதுவென்று தெரிந்து பொறுக்குகிறவன் இருப்பான். ஆகாத போர்டைக் காதால் தேர்ந்தெடுத்தவன் திருச்செங்கோட்டில் நான் ஒருத்தன்தான்.

சாயங்காலம் அதை அவள் மேஜையில் வைத்து சுவிட்சைப் போட்டேன். அலறியது. ஹாலுக்கு வந்து உட்கார்ந்தேன்.

"என்ன அம்மிணி, தண்ணி வந்துருச்சா?"

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணிலும் தண்ணி வரவில்லை. புகைகூட இல்லை.

அடுப்படிக்கும் கேட்கட்டும் என்று அவள் அறைக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, சோறு வடிக்கப் போனேன்.