மருந்துக் கிடங்கின் வாசலில்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காற்றாடிக்கு நேரே வேண்டாம், சளி பிடிக்கும். அக்கா தங்கை இருவர் மலை ஏறி இறங்கிய கதை ஒன்று சொல்கிறேன்.

மாரிசெல்விக்குச் சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தங்கை வேல்விழியை மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்திருந்தது. மானாவாரிக் காட்டு வேலை தவிர வேறு அறியாதவள். பட்டாசுக் கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை. சில வருசங்களாக இருவருக்கும் பேச்சு இல்லை. காரணம், வேல்விழி மகளின் காதுகுத்து. அன்றைக்கு சீசன் நேரம், லோடு போக வேண்டிய அவசரம், போர்மேன் லீவு தரவில்லை. மாரிசெல்வி போகவில்லை. பிள்ளைக்கு வாங்கிய தோடு அவள் பெட்டியிலேயே கிடந்தது.

தீபாவளி கழிந்து கம்பெனி மூடிக் கிடந்தபோது, உடன் வேலை பார்க்கும் அத்தை மகள் இருளம்மாள் சொந்தக்காரர்களைச் சேர்த்து வேன் பிடித்தாள். திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பிவிடலாம், வேல்விழியும் வருகிறாள் என்றாள். வேல்விழி புருசனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்திருந்தது. தை பிறந்ததும் குடும்பத்தோடு போய்விடுவார்கள். அதற்குள் பேசிவிட வேண்டும். மாரிசெல்வி தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

விருதுநகரில் வேல்விழி மகளோடு ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். "வா" என்ற சொல் மாரிசெல்வியின் நாக்கு வரை வந்தது. அதற்குள் வேன் நகர்ந்துவிட்டது.

பாறைப் படியில் ஏறும்போதும் அதே கதைதான். தங்கை முன்னே, அக்கா பின்னே. "பொண்ணு பாக்க வந்தவுக முன்னால நடக்கிறவ மாதிரி தலையக் குனிஞ்சே வாரியே" என்று இருளம்மாள் கேலி செய்தாள்.

மேலே சுற்றிலும் மதில். உள்ளே கூரை இல்லாத கட்டடங்கள், பாசி பிடித்த குளம். ஒரு காலத்தில் இங்கே ஊரே இருந்திருக்கும், அடுப்பு எரிந்திருக்கும், அக்கா தங்கைகள் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகியிருப்பார்கள் என்று மாரிசெல்வி நினைத்துக்கொண்டாள்.

கனத்த சுவர் வைத்த ஓர் அறையைக் காட்டி, அந்தக் காலத்து வெடிமருந்துக் கிடங்கு என்றார்கள். வேல்விழி, அவள் மகள், உறவுப் பெண்கள் இருவர் உள்ளே நுழைந்தார்கள். மாரிசெல்வி வாசலுக்கு வந்தாள். இருட்டுக்குள்ளிருந்து வேல்விழி திரும்பிப் பார்த்தாள். பிறகு, எதுவுமே நடக்காதது போல, "உள்ள வாக்கா, குளுகுளுன்னு இருக்கு" என்றாள்.

எத்தனை நாள் காத்திருந்த சொல்! ஆனால் மாரிசெல்வியின் கண் உள்ளே இருந்த தலைகளை எண்ணிவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கூடுதலாக ஆள் உட்கார்ந்த ஓர் அறை எரிந்ததை அவள் பார்த்தவள். கால் தானாக நின்றது.

"இல்ல, நீங்க இருங்க. நான் வரல."

வேல்விழியின் முகம் சுருங்கியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவை உரசாமல் வெளியேறிப் போய்விட்டாள்.

கால் ஏன் நின்றது என்று மாரிசெல்விக்கு அப்போதும் தெரியவில்லை. இறங்கும்போது இருளம்மாள்தான் சிரித்தாள்: "நானும் அதுக்குத்தான் வெளியவே நின்னேன். எரநூறு வருசத்துக்கு முந்தின மருந்துக்கு இன்னைக்குப் பயந்து நிக்கோம் பாரேன்."

அப்போதுதான் மாரிசெல்விக்குப் புரிந்தது. வேனில் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வேலு, அங்கன நீங்க நாலு பேரு இருந்தீக. கம்பெனியில நாலு பேருக்கு மேல..."

வேல்விழி சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அன்னைக்கும் கம்பெனிதான் வரவிடல. இன்னைக்கும் கம்பெனிதானாக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அலுத்துப்போன குரலில் கேட்டாள். மடியில் பிள்ளை தூங்கியது. அதன் காதில் வேறு யாரோ போட்ட தோடு.

விருதுநகரில் தாயும் மகளும் இறங்கி மல்லாங்கிணறு பஸ்ஸுக்கு நடந்தார்கள். தை பிறந்தது, திருப்பூருக்கும் போய்விட்டார்கள். முந்தானையில் முடிந்த தோடு மறுபடி பெட்டிக்குள் போனது. உயிரைக் காக்கப் பழகிய கால் அது, அதை என்னவென்று திட்ட? ஆனாலும் ஓர் அடி எடுத்து வைத்திருக்கலாமே என்று அந்தக் காலைத்தான் மாரிசெல்வி இன்றும் தடவிக்கொண்டிருக்கிறாள்.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எத்தனை பேர் கூடினாலும் இன்னொருவருக்கு இடம் இருக்கட்டும். வாசல் வரை வந்த சொந்தம் உள்ளே வந்து உட்காரட்டும்.