சுவரில் ஒரு நிரை

கிரவுட் கலரைத் தெரிவுசெய்யச் சொன்னால் மனிதர்களுக்குப் புத்தி கெட்டுப் போகிறது. இது என் பதினேழு வருட அனுபவம். டைலை ஒரு மணித்தியாலத்தில் வாங்கிவிடுவார்கள். இரண்டு டைலுக்கு நடுவே உள்ள இடுக்கில் அடைக்கிற அந்த மாவுக்கு என்ன கலர் என்று கேட்டால் மட்டும் மாமியார், மச்சான், வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா என்று ஊரையே கூட்டுவார்கள். கடைசியில் எல்லாரும் வெள்ளை என்பார்கள். எங்கள் பக்கத்து மலை ஊற்றுப் பீலித் தண்ணீருக்கு வெள்ளை ஆறு மாதம் தாங்காது. செம்மண் கறை ஏறி, பல் விளக்காத வாய் மாதிரி ஆகிவிடும். பிறகு எனக்குப் போன் அடித்து, என்ன பாஸ் இப்படிச் செய்துவிட்டீர்கள் என்பார்கள். கொத்து வேலை செய்கிறவனை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரில்தான் பெருமை, ஏச்சு வாங்குவதும் நான்தான்.

என் பெயர் விஜேந்திரன். ஊர் கொட்டகலை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

கார்த்திகை மழையில் அழகம்மா அக்கா வீட்டு வேலைக்குப் போனேன். கொட்டகலையிலிருந்து இரண்டு மைல் மேலே, தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளைத் தாண்டி, ஏழு பேர்ச் காணியில் வரிசையாகக் கட்டிய புது வீடுகளில் ஒன்று அது. அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. புருஷன் இல்லை. இன்னமும் தினமும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர். ஒரே மகள் ரஜிதா. அவள் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டே ஜப்பான் பாஷையும் வயதானவர்களைப் பராமரிப்பதையும் படித்து, அங்கே அந்த வேலைக்குத் தெரிவாகியிருந்தாள். தை மாதம் பயணம். அதற்குள் அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே பாத்ரூமும், சமைக்க டைல் பதித்த குசினியும் வேண்டும் என்று போனில் என்னைப் பிடித்தது அவள்தான்.

டைல் அவளே பார்த்து அனுப்பிவிட்டாள். சாதாரண வெள்ளை. கிரவுட் கலரைக் கேட்டபோது மட்டும், அம்மா புழங்குகிற இடம், அம்மாவே சொல்லட்டும் என்றாள். இந்தப் பிள்ளைக்காவது அறிவு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பாத்ரூம் சுவரில் இடுப்பு உயரத்துக்கு டைல் ஏறியிருந்த நாளில், வேலை விட்டு வந்த அக்காவிடம் கலர் அட்டையை நீட்டினேன். அதில் ஆறு கலர் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலத்தில் இருக்கும். மேலேயிருந்து வெள்ளை, பாலாடை, சாம்பல், மண் கலர், கருஞ்சாம்பல், கறுப்பு என்று நானே ஒப்பித்தேன். அக்கா அட்டையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறைய யோசித்தார். பிறகு மேல் கோட்டில் விரலை வைத்து, இந்த வெள்ளையே இருக்கட்டும் பாஸ் என்றார்.

விரல் இருந்தது கறுப்பின் மேல். நான்தான் அட்டையைத் தலைகீழாக நீட்டியிருக்கிறேன்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். புது வீட்டுக்குக் கறுப்பு ஆகாதே அக்கா, ஊர் வாயில் விழப் போகிறீர்களா என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆமா ஆமா, இதைத்தான் சொல்ல வந்தேன் என்று அவசரமாக விரலைக் கீழே இறக்கினார். அது மண் கலரில் போய் நின்றது.  

இத்தனை நாள் கண்ணெதிரே நடந்ததெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் கொடுக்காமல் பலகையில் தடவித் தடவி வைத்துவிட்டுப் போவார். வாசலுக்குள் நுழையுமுன் நிலையை ஒருமுறை தொடுவார். நான் சிமெந்துச் சட்டியை இடம் மாற்றி வைத்த அன்று காலில் இடித்துக்கொண்டு, என் குருட்டுக் கண்ணு என்று தன்னையே ஏசினார். எல்லாரும் சொல்கிற சொல்தானே என்று நான் கவனிக்கவில்லை.

கேட்டபோது மறைக்கவில்லை. இரண்டு வருடமாகக் கண்ணில் பிரஷராம். கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்து, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் போய்விட்டது. நடுவில் மட்டும் புகை மூட்டத்தில் தெரிகிற மாதிரி கொஞ்சம் தெரியுமாம். அதுவும் வெளிச்சம் இருந்தால்தான்.

அப்படியென்றால் எப்படிக் கொழுந்து பறிக்கிறீர்கள் என்றேன். முப்பத்தைந்து வருடம் பறித்த விரலுக்குக் கண் எதற்கு என்றார். இளங்கொழுந்து தொட்டதும் ஒடியும், முற்றினது இழுக்கும். கைக்கு அது தெரியும். வழிக்கும் பயமில்லை. காலையில் கங்காணி ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார். இரண்டு வரிசைச் செடிக்கு நடுவே அது அவளுடைய பாதை. செடியைத் தொட்டுக்கொண்டே போனால் மலை உச்சிவரைக்கும் வழி தப்பாது. இந்த வீட்டுக்குள்தான் தொட்டுக்கொண்டு போக ஒன்றுமில்லை. எல்லாச் சுவரும் வழவழவென்று ஒரே மாதிரி இருக்கிறது என்றார்.

பிறகு சுவரைத் தடவினார். டைலுக்கு நடுவே கிரவுட் போடாத இடுக்கில் விரல் நகம் விழுந்தது. அதை மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.

"பாஸ், சுவத்துல எனக்கு ஒரு நிரை போட்டுக் குடுங்க. கதவுலருந்து பைப்பு வரைக்கும். கலரு என்னவா வேணும்னாலும் இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. இப்போதே ரஜிதாவுக்குச் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன். அக்கா துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். கொழுந்து பறித்துக் காய்த்துப் போன கை, பிடி இறுகியது.

"சொன்னீங்கன்னா அவ போக மாட்டா. நாளைக்கே கூடையத் தூக்கிக்கிட்டு என் நிரையில வந்து நிப்பா. நா இருட்டுல இருந்துக்குவேன் பாஸ். அவ மலைக்கு வரக் கூடாது."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் அந்த இடுப்பு உயரத்தில், மேல் வரிசை டைலைச் சுண்டு விரல் நுழைகிற அகலத்துக்கு இடைவெளி விட்டுப் பதித்தேன். மற்ற இடுக்கெல்லாம் இரண்டு மில்லிமீற்றர். இது மட்டும் வாய்க்கால் மாதிரி. கதவு நிலையிலிருந்து கிளம்பி, மூலையில் திரும்பி, பைப்பைத் தொட்டு, கொமட் பக்கத்தில் போய் நின்றது. மற்ற இடமெல்லாம் கிரவுட்டை நிரப்பி ஸ்பொஞ்சால் சமமாகத் துடைத்தேன். இதில் மட்டும் பாதி ஆழத்துக்கு அடைத்து, விரலாலேயே வழித்து, பள்ளமாக விட்டேன். இந்த வேலையை இன்னொருவன் செய்திருந்தால், உனக்கு யாரடா கரண்டியைக் கொடுத்தது என்று கேட்டிருப்பேன். அழுக்கு அடையும், பூஞ்சணம் பிடிக்கும், பார்க்கிறவன் என்னைத்தான் ஏசுவான். கலர் சாம்பல். மாதிரிக்குக் குழைத்துப் பார்த்தபோது கரியாகத்தான் இருந்தது. காய்ந்ததும் வெளுத்துவிட்டது. கிரவுட் எப்போதும் அப்படித்தான்.

ரஜிதா தினமும் வாட்ஸ்அப்பில் படம் கேட்பாள். அந்தக் கோடு தெரியாதபடி மேலேயும் கீழேயும் எடுத்து அனுப்பினேன். இரண்டு முறை, தங்கச்சி, உங்கம்மாவுக்கு என்று எழுதி அழித்தேன். அக்கா பொழுது சாயுமுன் வந்து கதவிலிருந்து பைப்புக்கும் பைப்பிலிருந்து கதவுக்குமாக நடந்து பழகுவார். மூன்றாம் நாள் பைப்பை ஒரே எட்டில் பிடித்துத் திறந்துவிட்டு, என் பக்கம் என்று நினைத்துச் சுவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சிமெந்து குழைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ரஜிதா ரயிலில் வந்தாள். வெளியே மலையே தெரியாத அளவுக்கு மூட்டம். குடையை வாசலில் சாத்திவிட்டு நேரே பாத்ரூமுக்குள் வந்தாள். அக்கா தேத்தண்ணி போடப் பழைய அடுப்படிக்குப் போயிருந்தார். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பைப்பைத் திறந்தாள், தண்ணீர் ஊற்றி ஓட்டம் பார்த்தாள், கலர் நல்லாயிருக்கிறது அண்ணே என்றாள். பிறகு கை அந்தக் கோட்டில் பட்டு நின்றது.

ஹட்டனில் ஒரு ஹோட்டலில் பார்த்தேன், இப்போது இதுதான் பாஷன் என்று அளந்துவிட்டேன். அவள் கதவுக்குப் போய், கோட்டில் விரலை வைத்து, பைப்பு வரைக்கும் நடந்து வந்தாள். அங்கேயே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குசினி வேல எப்பண்ணே?"

நாளைக்கு என்றேன்.

"அங்கயும் அம்மாவுக்கு ஒரு நிரை போட்டுடுங்க. அடுப்பு பக்கம் போகாம, கதவுலருந்து சிங்க் வரைக்கும்."

நிரை என்று அவள் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாயிலிருந்து ஒரு நாளும் அந்தச் சொல் வரவில்லை. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். போன தீபாவளியிலிருந்தாம். இரண்டு வருடமாக வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதைத்தானே படிக்கிறேன், என் அம்மா கை துழாவுவது எனக்குத் தெரியாதா என்றாள். கலரை அம்மாவே சொல்லட்டும் என்று சொன்னதுகூட அவருக்கு இன்னும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கத்தானாம்.

நெஞ்சுக்குள் கோபம் கொதித்தது. தெரிந்துகொண்டா போகிறாய், யாரோ ஒருவரின் கையைப் பிடித்து நடத்தவா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்னு சொல்லிட்டா என்னால போக முடியாதுண்ணே."

அக்கா இரண்டு கோப்பையோடு வந்தார். மகள் இருக்கிற வீட்டில் நிலையைத் தொடவில்லை. நிமிர்ந்து நேராக நடந்து வந்து, மகள் நிற்பதாக நினைத்த இடத்தில் கோப்பையை நீட்டினார். ரஜிதா ஒரு முழம் தள்ளி நின்றாள். சத்தம் வராமல் ஓர் அடி நகர்ந்து, கோப்பைக்கு முன்னால் வந்து நின்று வாங்கிக்கொண்டாள். சீனி அளவா இருக்கு அம்மா என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரலில் ஒன்றுமில்லை. கன்னத்தைத் துடைக்கக்கூட அவள் அவசரப்படவில்லை. யாருக்காகத் துடைக்க வேண்டும்?

கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கியபோது, அக்கா செருப்புச் சத்தம் தேயும்வரைக்கும் காது கொடுத்து நின்றார். பிறகு என்னிடம், கோட்டைப் பார்த்தாளா, என்ன சொன்னாள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

பாஷன் என்று சொல்லிவிட்டேன், நம்பிவிட்டாள் என்றேன். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

அக்கா சுவரில் சாய்ந்து பெரிதாக மூச்சு விட்டார். அத்தனை நாளில் அப்படி நிம்மதியாக அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

"பாவம் புள்ள," என்றார். "ஒண்ணுமே தெரியாமப் போறா."