முன்பாரம்

"ஒத்தக் கையால தூக்கிட்டேன் மச்சான். பாரு, காலி வாளி மாதிரி வருது."

"பொத்துனு போட்டுடாத மாப்ள, கீழ என் கால் இருக்கு."

படகு ஏற்றுபவன் டிரெய்லரின் மூக்கை மெதுவாக இறக்கினான். இழுக்கும் வண்டியோடு கோர்க்கிற அந்த இரும்பு மூக்கில் நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தாலும் முக்கித்தான் தூக்க முடியும். நேற்று சாயங்காலம் டிரெய்லர் மேல் நின்ற படகின் பின்னால் இருந்த பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு இரண்டு புது என்ஜின்களை மாட்டியிருந்தார்கள். பாரம் முழுக்கச் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

"வேகம் எடுத்தா டிரெய்லர் வாலாட்டி வண்டியையே புரட்டிடும்" என்றார் டிரைவர். ஏற்றுபவனின் மனைவிக்கு அவர் அண்ணன். "போன மாசம் நம்ம சின்ன வண்டிய ஓட்டுனவர் பள்ளத்துல கிடந்தாரே, இதே கதைதான். கடைசியில டிரைவர் தூங்கிட்டாருன்னு எழுதிட்டானுங்க. என்ன பண்ணலாம்?"

"படக ஒரு முழம் முன்னால தள்ளணும். அதுக்கு படகோட முன்முனையத் தடுத்து நிறுத்துற முட்டுக் கம்பத்த நகர்த்தணும். நாலு போல்ட்டுல ரெண்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. அறுத்து எடுக்க ரெண்டு மணி நேரம் ஆகும்."

"ரெண்டு மணி நேரமா?" சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றிருந்தார். "பார்ட்டி படகுத்துறையில நிக்குது. முதலாளி மூணு தடவ போன் பண்ணிட்டார்."

"மூக்குல எடையே இல்ல சார். நீங்களே தூக்கிப் பாருங்க."

அவர் தூக்கவில்லை. சட்டைக் கையில் கிரீஸ் படாமல் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"உன் எடை என்ன?"

"எழுவது சார்."

"உன் வீட்டுக்காரி?"

ஏற்றுபவனுக்குப் புரியவில்லை. டிரைவருக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் சார். ரெண்டு மணல் மூட்டையத் தூக்கி முன்னால போட்டுக்கலாம்."

"மூட்ட உரசினா புது பெயிண்ட்டு போயிடும். ஆளுன்னா பார்த்து உக்காருவாங்க."

பாலிஷ் கொட்டகையில் வேலையாக இருந்த அவன் மனைவியைக் கூப்பிட்டார்கள். முழங்கை வரை வெள்ளைத் தூளோடு வந்தவள் விஷயத்தைக் கேட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். "கேண்டீன்ல ரெண்டாந்தடவ தட்ட நீட்டினா சூப்பர்வைசர் சார் முறைப்பாரு. இன்னிக்கு என் எடை வேணுமாக்கும்."

டிரைவர் சிரிக்கவில்லை.

"நான் மட்டும் ஏறுறேன் சார்" என்றான் ஏற்றுபவன். "அவ எதுக்கு?"

"எடை பத்தலன்னு நீதானே சொன்ன? ஏறு. இல்லன்னா ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளிய போய் நில்லுங்க. இந்த வேலைக்கு ஆளா கிடைக்காது?"

அவளுடைய சிரிப்பு நின்றுபோயிற்று. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவளே முதலில் ஏறினாள். படகின் முன்முனையில் இருவரும் முட்டியை மடக்கி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிரைவர் குனிந்து மூக்கைத் தூக்கினார். ஒரு கைக்கு வரவில்லை. இரண்டு கைக்கு வந்தது.

"இன்னும் லேசாத்தான் இருக்கு சார்."

"மெதுவா ஓட்டு. ஆனா பன்னெண்டுக்குள்ள போய்ச் சேரணும்." சூப்பர்வைசர் தார்ப்பாயைக் காலால் தள்ளிவிட்டார். "மூடு. ரோட்டுல எவனாவது பார்த்தா வம்பு."

மூக்கை வண்டியோடு கோர்த்துப் பூட்டிவிட்டு, டிரைவரே தார்ப்பாயை மூடிக் கட்டினார். நைலான் கயிறு இழுக்க இழுக்க இரண்டு தலைகளும் நீலத் துணியில் புடைத்துக்கொண்டு வந்தன. சூப்பர்வைசர் ஒவ்வொரு முடிச்சாகச் சுண்டிப் பார்த்தார். கடைசி முடிச்சை அவரே இன்னொரு முறை இறுக்கிவிட்டு, வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

டிரைவர் ஒரு காலைப் படியில் வைத்தபோது தார்ப்பாய்க்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது.

"அண்ணா, போயிடாத. இந்த மூலை முடிச்ச மட்டும் அவுத்துட்டு, கயித்தச் சும்மா சொருகி வையி. குதிக்கணும்னா கையாவது வெளிய வரணும்ல... அண்ணா?"